பழைய பாலைவனத்தை மறுபடி பார்க்கப் போகிறவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் தார் பாலைவனத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் நினைப்பதைவிட அதிகம். பட்டாளத்தில் இருந்தவர்கள், வடக்கே லாரி ஓட்டியவர்கள், கல் வியாபாரத்துக்காக ராஜஸ்தான் போய்வந்தவர்கள். இவர்களில் பலருக்கு இப்போது ஓய்வு கிடைத்திருக்கிறது. "பேரப்பிள்ளைங்களுக்கு அந்த ஊரை ஒரு தடவை காட்டிடணும்" என்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முக்கால்வாசி ஜெய்சல்மேர் பற்றியது. கட்ச், லடாக், துபாய் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

தொண்ணூறுகள்ல ஜெய்சல்மேர் பக்கம் பட்டாளத்துல இருந்தேன் சார். இப்ப போனா ஊரை அடையாளம் தெரியுமா?

கோட்டையைத் தெரியும். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய மஞ்சள் கல் கோட்டை அதே திரிகூடக் குன்றின் மேல்தான் இருக்கிறது. சாயங்கால வெயிலில் அதே நிறத்துக்கு மாறுகிறது. பட்வா ஹவேலிகள் (பழைய வியாபாரிகளின் மாளிகைகள்), கடீசர் ஏரி வாசல், சமணக் கோயில்கள் எல்லாம் இடம் மாறவில்லை. கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்தான் தெரியாது. நீங்கள் வெறும் பொட்டலாகப் பார்த்த பக்கங்களில் ஹோட்டல்கள் வந்துவிட்டன. அவையும் கோட்டை போலவே மஞ்சள் கல்லில் கட்டப்பட்டவை என்பதால் தூரத்திலிருந்து பார்க்க எது பழையது எது புதியது என்று சட்டென்று பிடிபடாது.

ஊருக்கு வெளியே போனால் அதைவிடத் திகைப்பாக இருக்கும். காற்றாலைகள், உயர் மின்கோபுரங்கள், சில திசைகளில் பச்சை வயல். பச்சையைப் பார்த்துத்தான் பழைய ஆட்கள் அதிகம் மலைக்கிறார்கள்.

டூரிஸ்ட் கூட்டத்தாலதான் அந்த ஊர் மாறிப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

கூட்டம் காரணம்தான், ஆனால் இரண்டாவது காரணம். முதல் காரணம் தண்ணீர்.

பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து வரும் கால்வாய் வேலை 1958இல் தொடங்கியது. முதலில் ராஜஸ்தான் கால்வாய் என்றார்கள், பிறகு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். ஊட்டுக் கால்வாயையும் சேர்த்தால் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். 1980களின் பிற்பகுதியில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத மாவட்டம் அது; நம் தருமபுரியில் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்தும் வறட்சி என்று பேசுகிறோம். அங்கே இமயத்து நீர் வந்தால் என்ன ஆகும்? மோகன்கர், ராம்கர் பக்கம் கடுகும் கோதுமையும் விளைந்தன. ஆடு மாடு ஓட்டிக்கொண்டு திரிந்த குடும்பங்கள் நிலத்தில் உட்கார்ந்தன. கால்வாய் ஓரம் சில இடங்களில் நீர் தேங்கி உப்புப் பூத்து நிலம் கெட்டதும் நடந்தது.

ஊருக்குள்ளும் அதே கதை. குழாய் வராத காலத்தில் கடீசர் ஏரிதான் ஊருக்குக் குடிநீர். பெண்கள் அங்கிருந்து குடம் குடமாகக் கோட்டை மேலே சுமந்தார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள். அந்தச் சிறு கழிவுக்கும் மழைநீருக்கும் ஏற்றபடிதான் கோட்டையின் பழைய வடிகால்கள் இருந்தன. பிறகு குழாய் வந்தது. வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின, அறைக்கு ஒரு குளியலறை கேட்டார்கள். வடிகால் தாங்காத தண்ணீர் குன்றுக்குள் இறங்கியது. அந்தக் குன்று ஒரே பாறை இல்லை. மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளது. களிமண் நனைந்தால் வழுக்கும், மேலே இருப்பது சரியும். 99 கொத்தளங்களில் சில தொண்ணூறுகளின் இறுதியில் இடிந்தது இப்படித்தான். உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் 1996, 1998, 2000 என்று தொடர்ந்து இதைச் சேர்த்தது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட் மழையிலும் மதிலில் ஒரு பகுதி விழுந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறையோடு வளர்ந்தவர்கள் நாம். 2013இல் காவிரி நீர் குழாயில் வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. ஆகவே ஜெய்சல்மேர்க்காரர்களிடம் போய் "குழாய் வந்து உங்க ஊர் கெட்டுப்போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோட்டைக்குக் கெடுதல் செய்தது குழாய் வந்த விதம்: தண்ணீரை ஏற்றினார்கள், அது இறங்க வழி செய்யவில்லை.

கோட்டைக்குள்ளேயே தங்கலாமா? போட்டோவுல ரொம்ப நல்லா இருக்கு.

வேண்டாம். பகலில் போய்ச் சுற்றுங்கள், உள்ளே இருக்கும் கடைகளில் டீ குடியுங்கள், பொருள் வாங்குங்கள். ஆயிரக்கணக்கானோர் இன்னும் குடியிருக்கும் கோட்டை அது, அவர்களுக்கு வியாபாரம் வேண்டும். குளியலும் தூக்கமும் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையைப் பார்த்தபடி மொட்டை மாடி உள்ள விடுதிகள் கீழே நிறைய உண்டு. கோட்டைக்குள் இருந்தால் கோட்டை கண்ணில் படாது என்பதையும் யோசியுங்கள்.

சாம் மணல்மேடு ஒகேனக்கல் மாதிரி ஆயிடுச்சுன்னு என் பையன் சொல்றான். நிஜமா?

பையன் மிகைப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் பரிசல் ஏறப் போகிறவரை நாலு பக்கமும் ஆட்கள் சூழ்வார்களே, சாம் சாலையில் அதையே ஜீப்பிலும் ஒட்டகத்திலும் செய்கிறார்கள். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் வருவதற்குள் பைக்கில் துரத்தி வந்து "கேம்ப் வேணுமா" என்று கேட்பார்கள். சாலை ஓரம் வரிசையாகக் கூடாரங்கள். ஒட்டகச் சவாரி, ஜீப் சவாரி, நாட்டுப்புற நடனம், இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டிக்கொடுப்பதுதான் அங்கே வழக்கம். நான்கு சக்கர மணல் பைக்குகள் உறுமிக்கொண்டு மேட்டின் முகடுகளைக் கலைத்துவிடும். ராத்திரி பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் வெவ்வேறு டிஜே பாட்டு. டிசம்பர் கடைசி வாரம் போனீர்கள் என்றால் மணலைவிடத் தலைகள்தான் தெரியும்.

இதில் எனக்கு உறுத்துவது கூட்டமல்ல, பாட்டு. மாங்கணியார் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடும் முஸ்லிம் குடும்பத்தார்; இந்துப் புரவலர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பிறப்புக்கும் பாடுவது அவர்கள் மரபு. அவர்கள் கையிலுள்ள கமாய்ச்சா, வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்புக் கருவி, அடித்தொண்டையிலிருந்து வருவது போன்ற குரலுடையது. ஹமீரா கிராமத்து சாகர் கானுக்கு இந்தக் கருவிக்காகவே 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மரபில் வந்தவர்களைக் கூடாரத்தில் கால் மணி நேரம் சினிமாப் பாட்டு பாட வைத்து, பிறகு ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால் பழைய பாட்டு பாடுவார்கள். கேட்டுப் பாருங்கள், பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

சாமை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு அந்த ஜீப் சவாரி கொண்டாட்டம்தான். சூரிய உதயத்துக்குப் போங்கள்; முந்தைய இரவு ஆடியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், காற்று மணலைத் திருத்தி வைத்திருக்கும்.

அப்ப அமைதியான மணல்மேடு எங்கதான் இருக்கு?

குறி கிராமம். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கில் உள்ளது, மேடுகள் சாம் அளவு உயரமில்லை, கூட்டமும் அந்த அளவு இல்லை. மண் சுவர், கூரை வீடுகளில் தங்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. எங்கே பதிவு செய்தாலும் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: டிஜே உண்டா, பக்கத்துக் கூடாரம் எவ்வளவு தூரம், மணலில் மோட்டார் வண்டி ஓட்டுவீர்களா. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். "டிஜே இல்லன்னா எப்படி சார்" என்று அவர்களே வருத்தப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

காவல் நிக்கும்போது பாத்த நட்சத்திரம் இப்பவும் அப்படியே தெரியுமா?

மேலே பார்த்தால் தெரியும். நிலா இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். அடிவானத்தைப் பார்த்தால் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டிருக்கும், அவை காற்றாலைகள். 2001இல் தொடங்கிய ஜெய்சல்மேர் காற்றாலைப் பூங்கா 1,000 மெகாவாட்டைத் தாண்டிய ஒன்று. பக்கத்து பலோதி வட்டாரத்தில் பட்லா சூரியமின் பூங்கா 2,245 மெகாவாட். கரியில்லாத மின்சாரம் நல்லதுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் அங்கே கானமயில் வாழ்கிறது. ராஜஸ்தானின் மாநிலப் பறவை, உலகத்தில் மொத்தம் நூற்றைம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாகக் கணிப்பு. உடல் கனம், நேர் எதிரே பார்வை குறைவு, பறக்கும்போது மின்கம்பியைக் கடைசி நொடியில்தான் காண்கிறது, திரும்ப முடியாமல் மோதுகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. பெரும் பரப்பில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற வாதத்தைக் கேட்டு 2024 மார்ச்சில் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சாம் அருகே 2019 முதல் முட்டை பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கும் மையம் இயங்குகிறது. 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்காவில் விடியற்காலை வழிகாட்டியோடு போனால் பார்க்கும் வாய்ப்பு உண்டு. உறுதி சொல்பவரை நம்பாதீர்கள்.

அங்கே ஓரண் எனப்படும் கோயில்காடுகள் உண்டு. தெய்வத்துக்கு விட்ட நிலம், மரம் வெட்டக் கூடாது, மேய்ச்சலுக்கு எல்லாருக்கும் பொது. அதற்குள் மின்பாதை போவதை எதிர்த்து மேய்ப்பர்கள் போராடி வருகிறார்கள். நம் ஊர் எல்லையில் வேடியப்பனுக்கு விட்ட மரத்தில் கை வைக்க யோசிக்கிறவர்களுக்கு இந்தச் சண்டையை விளக்கத் தேவையில்லை.

ஒட்டகம் எல்லாம் குறைஞ்சு போச்சாமே, டூரிஸ்ட் வந்தா கூடத்தானே செய்யணும்?

கூடவில்லை. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் நாட்டில் சுமார் 4 லட்சம், 2019இல் சுமார் 2.5 லட்சம். உழவுக்கு டிராக்டர், பாரத்துக்கு ஜீப், மேய்ச்சல் நிலத்தில் வேலி. ராஜஸ்தான் அரசு 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது, 2015இல் சட்டம் போட்டு அறுப்பதையும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் தடுத்தது. ஆண் கன்றை வாங்க ஆளில்லாமல் போய்விட்டது, வளர்ப்பதே நட்டம் என்று அதே சட்டத்தை வளர்ப்பவர்கள் திட்டுகிறார்கள். சவாரிக்குத் தேவைப்படுவதோ கொஞ்சம் ஒட்டகங்கள்தான்.

அப்பல்லாம் எல்லைப் பக்கம் பாஸ் இல்லாம ஒருத்தரையும் விட மாட்டாங்க. இப்ப குடும்பத்தோட லோங்கேவாலா போகலாமா?

போகலாம். 1971 டிசம்பரில் சண்டை நடந்த லோங்கேவாலாவில் நினைவிடமும் கைப்பற்றிய டாங்கிகளும் உள்ளன. ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் தனோட் மாதா கோயில். போரில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், எல்லைப் பாதுகாப்புப் படையினர்தான் கோயிலைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெய்சல்மேர் போகும் சாலையிலேயே 2015இல் திறந்த போர் அருங்காட்சியகம் உண்டு. கோயிலைத் தாண்டி எல்லை வேலி வரை போக அனுமதி வேண்டும். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். 2025 மே மாத மோதலின்போது ஜெய்சல்மேரில் இரவில் விளக்கணைத்தார்கள், ஆகவே கிளம்பும் வாரத்தில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முன்னாள் வீரர்கள் தங்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். சட்டப்படி அதனால் என்ன கிடைக்கும் என்பது வேறு விஷயம். பேரன் எதிரே காவலில் நிற்கும் இளைஞன் ஒரு சல்யூட் அடித்தால் செலவு செய்த காசு வசூல்.

என்கிட்ட பழைய போட்டோ இருக்கு. அதே இடத்துல நின்னு மறுபடி எடுக்க முடியுமா?

பின்னால் கட்டடம் இருந்தால் முடியும். கோட்டைக்குள் தசரா சதுக்கம், கடீசர் வாசல், ஹவேலி முகப்பு எல்லாம் எளிது. கடீசரில் ஒரு வித்தியாசம் தெரியும்: வற்றிக் கிடந்த ஏரி கால்வாய்த் தண்ணீரால் நிறைந்திருக்கிறது, மிதிபடகு ஓடுகிறது. மணல்மேட்டில் எடுத்த படத்தை விட்டுவிடுங்கள், மேடே நகர்ந்திருக்கும்.

குல்தாராவில் எடுத்த படம் இருந்தால் கொண்டுபோங்கள். பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன கிராமம் அது. அன்று கேட்பாரில்லாத இடிபாடு, இன்று டிக்கெட், சீரமைத்த சுவர், பேய்க்கதை சொல்லும் வழிகாட்டி. கொடுமைக்கார திவான் ஒருவருக்குப் பயந்து ஒரே இரவில் ஊரே கிளம்பியது என்பார்கள். கிணறுகள் வற்றிக்கொண்டே வந்ததையும் நிலநடுக்கத்தையும் காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பேயைவிட வற்றிய கிணறு எனக்கு நம்பும்படி இருக்கிறது.

எப்ப போறது, எப்படிப் போறது?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. ஜனவரி இரவில் ஸ்வெட்டர் போதாது, கம்பளி வேண்டும். மே மாதம் விலை மலிவு என்று ஆசைப்பட வேண்டாம். பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாத குறை நமக்குப் பழகிவிட்டது. பெங்களூரு போய் ஜோத்பூர் ரயில் பிடியுங்கள், ஜோத்பூரில் ஒரு நாள் தங்கி ஜெய்சல்மேருக்கு இன்னொரு ரயில். பிள்ளைகள் விமானம் என்பார்கள். ஜெய்சல்மேருக்கு விமானங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான், ஜோத்பூர் வரை பறந்து அங்கிருந்து 285 கிலோமீட்டர் போவது நிச்சயமான வழி. அந்தத் தூரத்துக்குத் தனியார் ஏசி ஸ்லீப்பர் பஸ்ஸைவிட ரயிலைத்தான் சொல்வேன். 2025 அக்டோபரில் அந்தச் சாலையில் பஸ் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அம்மாவுக்குக் களி இல்லாம முடியாது. அங்க சாப்பாடு ஒத்துக்குமா?

கேழ்வரகு கிடைக்காது, கம்பு ரொட்டி கிடைக்கும். நெய்யும் வெல்லமும் வைத்துத் தருவார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். கேர் சாங்ரி என்ற பொரியலைக் கட்டாயம் சாப்பிடுங்கள். சாங்ரி நம் கோயில்களில் சுற்றி வரும் வன்னி மரத்தின் காய்தான், பறித்துக் காயவைத்து வருடம் முழுக்கச் சமைக்கிறார்கள். அந்த மரங்களைச் சூரியமின் பூங்காக்களுக்காக வெட்டுவதை எதிர்த்து பிகானேர் பக்கம் போராட்டங்கள் நடந்தன.

கட்ச் வெள்ளைப் பாலைவனம்?

குஜராத்தில், 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த ஊர் அது. 2005இல் ரண் உற்சவம் தொடங்கியது, தோர்டோ கிராமத்தில் ஆண்டுதோறும் கூடார நகரம் எழுகிறது. ஏற்பாடு சுத்தம், விலை அதிகம். அந்தச் செலவு வேண்டாம் என்றால் காவ்டாவிலிருந்து தோலாவீரா போகும் சாலையில் போங்கள், இரு பக்கமும் உப்புவெளி, நடுவில் நீங்கள். தோலாவீரா 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிந்துவெளி நகரம். மழைநீரைத் தேக்க அவர்கள் வெட்டிய தொட்டிகளைப் பார்த்த பிறகு ஜெய்சல்மேர் வடிகாலை நினைத்துக்கொள்வீர்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் உப்பு காய டிசம்பர் ஆகிவிடும், நவம்பரில் போய்ச் சேறு பார்க்காதீர்கள். பன்னிப் புல்வெளி முழுக்கச் சீமைக்கருவேலம் பிடித்திருப்பதைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும்.

ஓசூர்ல இருந்து பைக்ல லடாக் போறோம் அண்ணா. அதுவும் பாலைவனம்தானே?

குளிர்ப் பாலைவனம். லே நகரில் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை. பனி உருகிவரும் ஓடை நீரை முறை வைத்துப் பங்கிட்டு, தண்ணீரே தேவைப்படாத உலர் கழிப்பறையில் காலம் தள்ளிய ஊர். இப்போது ஹோட்டல்களுக்கு ஆழ்துளைக் கிணறு. தம்பி, ஷவரை நிறுத்திவிட்டு ஒரு பக்கெட்டில் குளி. உலர் கழிப்பறை உள்ள வீட்டுத் தங்கலைத் தேடு. 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதையால் மணாலி வழி சுலபமாகிவிட்டது, அதனால் ரோதாங் கணவாயை நம்பி வைத்திருந்த பழைய பயணக் கணக்கு இப்போது உதவாது.

துபாய்ல வேலை பாத்தப்ப போன பாலைவனம்?

நகரம் விழுங்காத மணல் வேண்டும் என்றால் துபாய் பாலைவனக் காப்பகம், சுமார் 225 சதுர கிலோமீட்டர். அங்கே ஓரிக்ஸ் மான் பார்க்கலாம். மற்றதைப் பழைய நண்பர்களிடம் கேளுங்கள், அவர்கள் இருந்த பேட்டையே இருக்காது.

அவ்வளவு தூரம் எல்லாம் முடியாது. நம்ம மாநிலத்துலயே மணல்மேடு இருக்கா?

இருக்கிறது, சிவப்பாக. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம். பனையும் முந்திரியும் நட்டதில் திறந்த மணல் குறைந்திருக்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்தச் செம்மணலுக்கு நடுவே சுனை ஒன்று ஊறுகிறது. வெயில் ஏறுவதற்குள் போங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம்.